ஒயர் மாறுது... விலைச்சீட்டு யார் கையிலே?

தலைப்பு: இன்றைய குடும்பத்துக்கு ஏற்றது கேபிள் தொலைக்காட்சியா? இணையத் தொலைக்காட்சியா?
அணி: கேபிள் தொலைக்காட்சியே!



எனக்கு முன்னாலே பேசின எதிரணிச் சகோதரி ஒரு வார்த்தை சொன்னாங்க. "கேபிளைக் கழற்றி எறியுங்க. இணையத்துக்கு மாறுங்க. உங்களுக்குச் சுதந்திரம் கிடைக்கும்" அப்படின்னாங்க. நல்லா பேசினாங்க, நானும் கை தட்டினேன். ஆனா நடுவர் அவர்களே, டி.வி. விஷயத்திலே இந்தச் "சுதந்திரம்" என்கிற வார்த்தையை நான் இப்பத்தான் முதல் தடவையா கேக்கறேனா? ஒவ்வொரு தடவை ஒயரை மாத்தும்போதும் இதே வார்த்தையைத்தான் சொன்னாங்க. மாத்தினோம். அப்புறம் என்ன ஆச்சு? அந்தக் கதையைத்தான் இந்தச் சபையிலே சொல்ல வந்திருக்கேன்.

முதல்லே ஆண்டெனா காலம். 1959 செப்டம்பர் 15-ஆம் தேதி டெல்லியிலே டி.வி. ஆரம்பிச்சாங்க. அது சென்னைக்கு வந்து சேர 16 வருஷம் ஆச்சு. 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதிதான் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. கலர் வந்தது 1982-லே. ஒரே சேனல். மாடியிலே அண்ணன் ஆண்டெனாவைத் திருப்புவார், கீழே தம்பி ஜன்னல் வழியா கத்துவான்: "தெரியுது... தெரியுது... போச்சு!" (சிரிப்பு). ராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கமெல்லாம் நீளக் கம்பி நட்டு, 1982-லே தொடங்கின இலங்கை ரூபவாஹினியைப் பிடிச்சாங்க. வெள்ளிக்கிழமை "ஒளியும் ஒலியும்" வந்தா தெருவே காலி. டி.வி. இருக்கிற வீட்டுத் திண்ணையிலே பத்து வீட்டுப் பிள்ளைகள். அந்தக் காலத்திலே நாம தேர்ந்தெடுக்க ஒண்ணும் கிடையாது. அதே சமயம், மாசா மாசம் சேனலுக்குச் சந்தா கட்டச் சொல்லி யாரும் கதவைத் தட்டினதும் கிடையாது.

அதுக்கப்புறம் வந்தார் நம்ம கேபிள்காரர். 1980-களிலே ஒரு வீடியோ பிளேயரை ஓர் அறையிலே வச்சு, அங்கேயிருந்து நாலு தெருவுக்கு ஒயர் இழுத்து, ராத்திரியிலே சினிமா கேசட் போட்டார். அதுதான் கேபிளுக்குப் பிள்ளையார் சுழி. 1991 ஜனவரியிலே வளைகுடாப் போர் மூண்டது. சண்டை நடக்கும்போதே அதை சி.என்.என். நேரடியா காட்டுது என்று ஊரெல்லாம் பேச்சு. அதே வருஷம் ஸ்டார் டி.வி. வந்தது. 1992 அக்டோபர் 2-லே ஜீ. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்னிக்கு சன் டி.வி. அப்ப தினமும் சில மணி நேரம்தான் ஒளிபரப்பு. ஆனா தமிழ்நாட்டுச் சாயங்காலத்தையே அது மாத்திப் போட்டது.

இந்த மாற்றத்தைக் கொண்டு வந்தது யாரு? பெரிய கம்பெனியா? இல்லீங்க. நம்ம தெருவிலே டேப் ரெக்கார்டர் ரிப்பேர் பண்ணிட்டிருந்த ஒரு தம்பி, கடன் வாங்கி, வாணலி மாதிரி ஒரு பெரிய டிஷ்ஷை மாடியிலே கவுத்து வச்சு, முருங்கை மரத்துக்கும் வேப்ப மரத்துக்கும் ஒயர் கட்டி நம்ம வீட்டுக்கு உலகத்தைக் கொண்டு வந்தார். (கைதட்டல்). அப்ப இதுக்குச் சட்டமே கிடையாது. இருந்ததெல்லாம் வெள்ளைக்காரன் 1885-லே போட்ட தந்திச் சட்டம்தான். தொழில் முதல்லே வந்துச்சு, சட்டம் மெதுவா பின்னாலே வந்துச்சு. 1995-லேதான் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதே 1995 பிப்ரவரியிலே உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்புச் சொன்னது. கிரிக்கெட் ஒளிபரப்பு சம்பந்தமான வழக்கு அது. வானலைகள் பொதுச்சொத்து, அது அரசாங்கத்துக்கும் தனி உரிமை இல்லை, தனியாருக்கும் தனி உரிமை இல்லை, மக்கள் நலனுக்காகத்தான் பயன்படணும் என்று சொன்னாங்க. எதிரணி நண்பர்கள் இதை மனசிலே வச்சுக்கணும். மறுபடி இங்கே வருவேன்.

சரி, ஒயர் வந்தாச்சு. சுதந்திரம் வந்துச்சா? வந்தது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. அந்தக் காலத்து ஒயரிலே எல்லாச் சேனலும் எல்லா வீட்டுக்கும் ஒண்ணாப் போகும். ஒரு வீட்டுக்கு மட்டும் ஒரு சேனலை நிறுத்தவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. எத்தனை வீட்டுக்குக் கனெக்ஷன் போயிருக்கு என்கிற கணக்கும் சரியா கிடையாது. கேபிள்காரர் தன்கிட்டே இருக்கிற வீட்டைக் குறைச்சுச் சொல்றார் என்று சேனல்காரர் புகார். சேனல்காரர் இஷ்டத்துக்கு விலையை ஏத்தறார் என்று கேபிள்காரர் புகார். ரெண்டு பேருக்கும் சண்டை வந்தா, ராத்திரி எட்டரை மணிக்குச் சீரியல்லே மாமியார் கையை ஓங்கும்போது திரை நீலக் கலராயிடும். (சிரிப்பு). அடி மருமகளுக்கு விழுந்துச்சா இல்லையான்னு தெரியாம ஒரு வாரம் தவிச்ச குடும்பங்கள் உண்டு. நாம கொடுக்கிற காசிலே எந்தச் சேனலுக்கு எவ்வளவு போகுது என்பது மட்டும் கடைசி வரைக்கும் நமக்குத் தெரியாது. மளிகைக் கடையிலே பருப்புக்கு ஒரு விலை, புளிக்கு ஒரு விலை சொல்வாங்க. இங்கே மட்டும் "மொத்தமா இவ்வளவு கொடுத்துடுங்க, என்ன போடறோமோ அதைத் தின்னுங்க!"

இதைச் சரி பண்ணத்தான் 2002 டிசம்பரிலே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. கட்டணச் சேனல் வேணுமா? வீட்டிலே ஒரு செட்டாப் பெட்டி வாங்கி வையுங்க, வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு கட்டுங்க. வேண்டாமா? 72 ரூபாயும் வரியும் கட்டினாப் போதும், குறைஞ்சது 30 இலவசச் சேனல்கள் வரும். இதுதான் திட்டம். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நாலு நகரத்திலேயும் நடத்துறதாச் சொன்னாங்க. மூணு நகரம் பின்வாங்கிடுச்சு. 2003 செப்டம்பர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த ஒரே ஊர், நம்ம சென்னை! (கைதட்டல்).

என்ன நடந்தது தெரியுமா? பெட்டி வாங்கினவங்க ரொம்பக் குறைவு. இலவசமா வர்ற தமிழ்ச் சேனல்களே போதும் என்று பெரும்பாலான குடும்பங்கள் பேசாம இருந்துட்டாங்க. சென்னைக்காரங்களுக்குப் புதுசு பிடிக்காதுன்னு சிலர் கிண்டல் பண்ணாங்க. நான் அப்படிப் பார்க்கலை, நடுவர் அவர்களே. முதல் தடவையா நம்ம தாய்மார்கள் கண்ணுக்கு முன்னாலே ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு விலைச்சீட்டைத் தொங்கவிட்டாங்க. அதைப் பார்த்த உடனே, காய்கறிக் கடையிலே கத்தரிக்காய் விலையைக் கேட்ட மாதிரி, "வேண்டாம்ப்பா, வை"ன்னு சொல்லிட்டு வந்துட்டாங்க. (பலத்த கைதட்டல்). விலைச்சீட்டைக் காட்டினா நம்ம குடும்பத்துக்குக் கணக்குப் போடத் தெரியும். காட்டாம மறைச்சாத்தான் ஏமாத்த முடியும். சென்னை நாட்டுக்கே சொல்லிக் கொடுத்த பாடம் இது.

அப்புறம் ஒயரே இல்லாத டி.டி.எச். வந்தது. 2004 டிசம்பரிலே தூர்தர்ஷனே மாதச் சந்தா இல்லாத டி.டி.எச். சேவையை ஆரம்பிச்சது. தனியார் கம்பெனிகளும் வரிசையா வந்தாங்க. மாடி மாடியா குட்டித் தட்டு முளைச்சது. "கேபிள்காரன் தொல்லை ஒழிஞ்சது, சுதந்திரம்"னாங்க. மழை பெய்ஞ்சா படம் போயிடும் என்கிறதை மட்டும் சொல்லலை! (சிரிப்பு). 2011 செப்டம்பர் 2-ஆம் தேதி அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு மறுபடி வந்தது. 2011 கடைசியிலே கேபிளை டிஜிட்டலா மாத்தணும்னு சட்டம் ஆச்சு. பெட்டி கட்டாயமாச்சு. சென்னையிலே அது கோர்ட், கேஸ் என்று வருஷக்கணக்கா இழுத்தது. 2017 ஏப்ரலிலே அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைச்சு, அந்த வருஷமே பெட்டியும் கொடுக்க ஆரம்பிச்சாங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். 2019 பிப்ரவரியிலே, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், நாம டிராய் என்று சொல்றோமே அவங்க போட்ட புது விலை முறை அமலுக்கு வந்தது. அது என்ன சொல்லுது? ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் அதிகபட்ச விலையை வெளிப்படையா அறிவிக்கணும். பார்க்கிறவங்க கேட்டா தனித்தனிச் சேனலாக் கொடுத்தே ஆகணும். இலவசச் சேனலையும் கட்டணச் சேனலையும் ஒரே மூட்டையிலே கட்டி விக்கக் கூடாது. நூறு சேனல் வரைக்கும் இணைப்புக் கட்டணம் 130 ரூபாய்க்கு மேலே போகக் கூடாது, வரியோட 153 ரூபாய் 40 காசு. 1980-களிலே ஆரம்பிச்ச ஒயருக்கு 2019-லேதான் முழு விலைச்சீட்டு கிடைச்சது. முப்பது வருஷத்துக்கு மேலே ஆச்சு ஐயா!

எதிரணி நண்பர் சிரிக்கிறார். "அந்த விலைச்சீட்டாலே பலர் வீட்டிலே பில் கூடித்தானே போச்சு"ன்னு கேக்கப் போறார். உண்மை, ஒத்துக்கிறேன். பலர் வீட்டிலே கூடிச்சு. விருப்பத்தைச் சொல்லாதவங்களுக்கு ஒரு பொதுத் திட்டத்தைப் போட்டு விட்டாங்க. மூட்டையாக் கட்டின பேக்கேஜ் மறுபடி தலை தூக்கிச்சு. 2024-லே இணைப்புக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பையும் எடுத்துட்டாங்க. ஆனா அப்பவும் விலையை வெளியிலே அறிவிக்கணும் என்கிற கடமை போகலை. கதவைப் பூட்டறதும் திறக்கிறதும் நம்ம இஷ்டம். ஆனா கதவுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? கேபிளிலே இருக்கு. அதைத்தான் நான் சொல்றேன்.

இப்ப இணையத்துக்கு வருவோம். 2016 ஜனவரியிலே நெட்ஃபிளிக்ஸ் நம்ம நாட்டுக்கு வந்தது. அந்தச் செப்டம்பரிலே ஜியோ வந்து டேட்டா விலை தரையைத் தொட்டது. டிசம்பரிலே அமேசான் பிரைம் வீடியோ. 2020-லே கொரோனா வந்து தியேட்டரெல்லாம் மூடினதும், "பொன்மகள் வந்தாள்", "சூரரைப் போற்று" எல்லாம் நேரா வீட்டுக்கே வந்துடுச்சு. வசதிதான். நினைச்ச நேரத்திலே பார்க்கலாம், பாதியிலே நிறுத்திட்டுச் சோறு போட்டுட்டு வந்து மிச்சத்தைப் பார்க்கலாம். அந்த வசதியை நான் மறுக்கலை.

ஆனா விலையைப் பாருங்க. பிரைம் வந்தபோது வருஷத்துக்கு 499 ரூபாய். அப்புறம் 999. 2021 டிசம்பரிலே 1,499. அஞ்சு வருஷத்திலே மூணு மடங்கு! அதோட விட்டாங்களா? 2025 ஜூனிலேயிருந்து காசு கட்டினவங்களுக்கும் நடுவிலே விளம்பரம். விளம்பரம் வேண்டாம்னா அதுக்குத் தனியா காசு. (சிரிப்பு). கிரிக்கெட்டை எடுத்துக்குங்க. 2023-லே ஐ.பி.எல். போட்டிகளை ஜியோ சினிமாவிலே இலவசமாக் காட்டினாங்க. ஊரே செல்போனுக்கு மாறிச்சு. 2025 பிப்ரவரியிலே ரெண்டு தளமும் சேர்ந்து ஜியோ ஹாட்ஸ்டார் ஆச்சு. அந்த சீசனுக்குச் சந்தா கட்டணும், இல்லேன்னா குறிப்பிட்ட ரீசார்ஜ் போடணும் என்று ஆச்சு. விலையைக் குறைச்சவங்களும் உண்டு, இல்லைன்னு சொல்லலை. 2021 டிசம்பரிலே நெட்ஃபிளிக்ஸ் குறைச்சது. ஆனா ஏத்தறதும் இறக்கறதும் அவங்க கையிலே. நமக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லை.

அடுத்தது, இதை எல்லாரும் கவனமாக் கேக்கணும். "இணைய டி.வி." என்று ஒரே பேரிலே சொல்றோமே, அதுக்குள்ளே ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு, ஃபைபர் ஒயர் வழியா, கம்பெனியோட சொந்த வலையிலே, பெட்டி வச்சுக் கொடுக்கிற ஐ.பி.டி.வி. அதுக்கும் கேபிளுக்கும் ஒரே விலை விதி. 2017-லே போட்ட உத்தரவிலேயே கேபிள், டி.டி.எச்.சோட சேர்த்து ஐ.பி.டி.வி.யையும் எழுதியிருக்காங்க. ரெண்டாவது, செல்போன்லே இறக்கிக்கிற ஆப். அதுக்கு அந்த விலை விதி கிடையாது. 2021-லே வந்த விதிகள், என்ன மாதிரிப் படம், எந்த வயசுக்காரங்க பார்க்கலாம், புகாரை யாருக்குச் சொல்லணும் என்கிறதைத்தான் பேசுது. விலையைப் பத்தி அதிலே ஒரு வார்த்தை இல்லை. நூறு படத்தை ஒரு மூட்டையாக் கட்டி, "எடுத்தா மொத்தமா எடு"ன்னா, எடுக்கத்தான் வேணும். எனக்கு அதிலே ஒரே ஒரு சீரியல் போதும் என்று சொல்ல வழியே இல்லை. 1993-லே கேபிள்காரர் வாசல்லே நின்னோமே, அதே இடத்திலே மறுபடியும் நிக்கறோம் நடுவர் அவர்களே! (கைதட்டல்).

வானலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சொன்னேனே. ஆப் வானலையிலே ஏறி வர்ற சேனல் இல்லை, அதனாலே அந்தத் தீர்ப்பு நேரா அதைத் தொடாது. ஆனா தீர்ப்புக்குள்ளே இருக்கிற நியாயம் என்ன? பார்க்கிறவனுக்கு உரிமை உண்டு. அந்த நியாயம் கேபிளுக்கு வந்து சேர 24 வருஷம் ஆச்சு. இணையத்துக்கு எப்ப வரும்? அது வர்றவரைக்கும் வீட்டுப் பொது டி.வி.யை ஏன் அதுக்கு ஒப்படைக்கணும்?

பொது டி.வி. என்று சொன்னேன். எங்க வீட்டிலே அம்மாவுக்கு 76 வயசு. ரிமோட்டிலே அவங்களுக்குத் தெரிஞ்சது மூணே பட்டன். போடறது, அணைக்கிறது, சேனலை மாத்துறது. நேரம் ஆச்சுன்னா சீரியல், சீரியல் முடிஞ்சா நியூஸ், நியூஸ் முடிஞ்சா தூக்கம். அவங்க கையிலே ஆப்பைக் கொடுத்து, "கடவுச்சொல் போடும்மா, ஓ.டி.பி. வரும்மா, யார் பேரிலே பார்க்கிறேன்னு கேக்கும், உன் பேரைத் தொடும்மா"ன்னா என்ன ஆகும்? பேரன் பள்ளிக்கூடத்திலேயிருந்து வர்ற வரைக்கும் அம்மாவுக்கு டி.வி. கிடையாது! (சிரிப்பு). சுதந்திரம் பேரனுக்குக் கிடைச்சது, பாட்டிக்குப் போச்சு. ஒரு வீட்டிலே ஒருத்தருக்குக் கிடைச்ச சுதந்திரம் இன்னொருத்தரை ஊமையா உட்கார வைக்குதுன்னா, அதைக் குடும்பத்துக்கு ஏத்ததுன்னு எப்படிச் சொல்றது?

கணக்கையும் பார்த்துடுவோம். ஹெச்.டி.யிலே ஒரு மணி நேரம் ஆப்பிலே பார்த்தா சுமார் 3 ஜி.பி. வரைக்கும் டேட்டா போகும். செல்போன்லே தினம் ஒண்ணரை ஜி.பி. திட்டம் வச்சிருக்கிறவர் டி.வி.யிலே போட்டா, அரை மணி நேரத்திலே அன்னிக்குச் சரக்கு தீர்ந்துடும். அப்ப வீட்டுக்கு பிராட்பேண்ட் வேணும், அதுக்கு ஒரு மாதக் கட்டணம். மேலே நாலு ஆப் சந்தா. கேபிள் ஒரு பில். இது அஞ்சு பில். அதுவும் கார்டிலே தானா கழியும். கேபிள்காரர் வாசல்லே வந்து நிக்கும்போது, "போன வாரம் மூணு நாள் வரலையே, எதுக்கு முழுப் பணம்?"னு நம்ம வீட்டுப் பெண்கள் சண்டை போடுவாங்க. ஆப்கிட்டே யார் போய்ச் சண்டை போடறது? இன்னொரு வேடிக்கை. பல தெருவிலே பிராட்பேண்ட் போடறதும் அதே கேபிள்காரர்தான்! அதே கம்பம், அதே ஏணி, அதே தம்பி. எதிரணி நண்பர்கள் கழற்றி எறியச் சொன்ன ஒயரிலேதான் அவங்க சுதந்திரமும் தொங்கிட்டு வருது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்).

யாருமே மாறக் கூடாது என்று நான் சொல்லலை. தனியா அறை எடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளைகள், ராத்திரி ஷிஃப்ட் வேலை பார்க்கிறவங்க, சீரியல் நேரத்துக்கு வீட்டிலே இருக்க முடியாதவங்க மாறட்டும். கேள்வி குடும்பத்தைப் பத்தி. அதுக்கு ஒரு வழி சொல்றேன். ஒரு மாசம், டி.வி. பக்கத்திலே ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிடுங்க. வீட்டிலே யார் எந்தச் சேனல் பார்த்தாங்க என்று எழுதுங்க. மாசக் கடைசியிலே பாருங்க, பத்துப் பன்னிரண்டு சேனலைத் தாண்டாது. அந்தச் சேனல்களைத் தனித்தனியா விலை கேளுங்க. மிச்சத்தை வெட்டச் சொல்லுங்க. அது உங்க உரிமை. ஆப் வேணும்னா, ஒரு நல்ல படம் வர்ற மாசம் மட்டும் கட்டிப் பாருங்க, பார்த்துட்டு நிறுத்துங்க. ஃபைபர்லே பெட்டி வச்சுத் தர்றோம்னு யாராவது வந்தா, "இது விலை விதிக்கு உட்பட்ட ஐ.பி.டி.வி.யா, ஆப்பா?"ன்னு முதல் கேள்வியைக் கேளுங்க. பதில் சொல்ல அவர் திணறினா, காபி கொடுத்து அனுப்பிடுங்க! (சிரிப்பு).

நடுவர் அவர்களே, ஆண்டெனா போய் கேபிள் வந்தது. கேபிள் மேலே பெட்டி வந்தது. பெட்டி பக்கத்திலே தட்டு வந்தது. இப்ப ஆப் வந்திருக்கு. நாளைக்கு இன்னொண்ணு வரும். ஒவ்வொண்ணும் வரும்போது குறைஞ்ச விலையோட, இனிப்பான வார்த்தையோடதான் வந்தது. நம்ம பலம் ஒயரிலே இல்லை. எந்தச் சேனலுக்கு எவ்வளவு என்று கேட்டு, வேண்டாததை வேண்டாம்னு சொல்ற உரிமையிலேதான் இருக்கு. அந்த உரிமை சட்டப்படி எழுதி வச்சிருக்கிற இடம் இன்னிக்குக் கேபிள்தான். ஆகவே, குடும்பத்தின் பொது டி.வி.க்கு ஏற்றது கேபிள் தொலைக்காட்சியே, கேபிள் தொலைக்காட்சியே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் ஐயா அவர்களை வேண்டி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)